சோழர் ஆட்சிக்காலத்துக்கு டைம்லைன்: ரெடிமேட் லைப்ரரியா, சொந்தமாக எழுதுவதா?

#1 வெண்ணாறு

வணக்கம். எங்கள் ஊர் வரலாற்று வட்டத்தின் இணையதளத்துக்கு ஒரு டைம்லைன் செய்துகொண்டிருக்கிறேன். விஜயாலயனில் (சுமார் 850) தொடங்கி மூன்றாம் ராஜேந்திரன் (1279) வரைக்கும் ஒவ்வொரு அரசருக்கும் ஒரு பட்டை. நடுவே தக்கோலப் போர் 949, பெரிய கோயில் 1010, கடாரப் படையெடுப்பு 1025, கொப்பம் போர் 1054 என்று புள்ளிகள். விரலால் இழுக்க வேண்டும், பெரிதாக்க வேண்டும், தொட்டால் விவர அட்டை திறக்க வேண்டும்.

இப்போதைக்கு ஒரு டிவ்வுக்குள் (எச்டிஎம்எல் பெட்டி) பல டிவ். இடது ஓரம் எவ்வளவு சதவீதம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ராஜராஜனும் ராஜேந்திரனும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிறார்கள். பெயர்கள் பட்டையை விட்டு வெளியே வழிகின்றன. சக ஆண்டுத் தொடக்கம் கி.பி. 78 என்று ஒரு குறிப்பு சேர்த்தேன், அது 1978இல் போய் உட்கார்ந்துகொண்டது.

வட்டத்தில் உள்ளவர்கள் அடுத்து பாண்டியர், பல்லவர் வரிசையும் கேட்கிறார்கள். அப்புறம் கல்வெட்டுகள், சில நூறு. ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு வரும். என்ன செய்யலாம்?

#2 ரெடிமேட்

சொந்தமாக எழுதாதீர்கள். விஸ் டைம்லைன் என்ற ஆயத்த ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை எடுத்துப் போடுங்கள். குழு, பட்டை, புள்ளி, பின்னணி எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் தானாக அடுக்கிக்கொள்ளும். எவ்வளவு தூரம் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம் என்பதற்கும் வரம்பு கொடுக்கலாம். ஒரு நாள் வேலை.

கதை சொல்லும் வகை வேண்டுமென்றால் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நைட் லேப் செய்த டைம்லைன்ஜேஎஸ். கூகுள் ஷீட்டில் நிரப்பினால் போதும், நிரல் எழுதவே வேண்டாம்.

#3 சுக்குக்காபி

டைம்லைன்ஜேஎஸ் நல்ல கருவிதான், ஆனால் வெண்ணாறு கேட்பது அது இல்லை. அது ஸ்லைடு ஸ்லைடாகக் கதை சொல்ல. இருபதுக்கு மேல் ஸ்லைடு வேண்டாம் என்று அவர்களே அறிவுரை சொல்கிறார்கள். இங்கே சில நூறு கல்வெட்டு வரப்போகிறது.

விஸ் டைம்லைன் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. அலுவலக அட்டவணை, ஷிப்ட், சர்வர் பதிவு மாதிரி விஷயங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பத்தாம் நூற்றாண்டுக்கு எடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்கணும். அது உள்ளே நேரத்தை ஜாவாஸ்கிரிப்டின் டேட் பொருளாகவே பார்க்கிறது. உங்களுடைய மூன்றாவது சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

அந்த 78 கதை: டேட் பொருளை உருவாக்கும் கட்டமைப்பிக்கு ஆண்டு, மாதம் என்று தனித்தனி எண்ணாகக் கொடுத்தால், 0 முதல் 99 வரை உள்ள ஆண்டுகளோடு அது 1900ஐக் கூட்டிவிடும். தொண்ணூறுகளில் எல்லோரும் இரண்டு இலக்கத்தில் ஆண்டு எழுதிய பழக்கத்தின் மிச்சம். ஏதாவது ஒரு தேதியில் பொருளை உருவாக்கிவிட்டு, பிறகு முழு ஆண்டை அமைக்கும் செட்ஃபுல்இயர் மூலம் 78 என்று வைத்தால் சரியாகிவிடும். இது உடனடி ஒட்டு. மருந்து வேறு, அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒரு கேள்வி: உங்கள் தரவில் தேதி எப்படி இருக்கிறது? வெறும் ஆண்டா, மாதம் நாள் உண்டா?

#4 வெண்ணாறு

அரசர்களுக்கு ஆண்டு மட்டும். கல்வெட்டுகளுக்கு ஆட்சியாண்டு. "கோராஜராஜகேசரிக்கு யாண்டு இத்தனை" என்று இருப்பதை நான் 985ஓடு கூட்டி ஓர் ஆண்டாக்கிப் போட்டிருக்கிறேன்.

#5 கல்வெட்டுப்பூச்சி

நான் நிரல் எழுதுகிற ஆள் இல்லை, ஆனால் இந்த இடத்தில் குறுக்கே பேசியாக வேண்டும்.

985ஓடு கூட்டினால் ஓர் ஆண்டு தள்ளிப் போய்விடும். பட்டத்துக்கு வந்த ஆண்டுதான் முதல் ஆட்சியாண்டு. ஆகவே 984ஓடு கூட்ட வேண்டும். அதுவும் ஆண்டின் ஒரு பாதிக்குத்தான் பொருந்தும். ராஜராஜன் ஆட்சி தொடங்கியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் ஏதோ ஒரு நாள் என்று கல்வெட்டு ஆய்வாளர் கீல்ஹார்ன் கல்வெட்டுகளின் வானியல் குறிப்புகளை வைத்துக் கணித்தார். எனவே ஆட்சியாண்டு என்பது ஜனவரியில் தொடங்குவதில்லை, ஆனிக் கடைசி ஆடி வாக்கில் தொடங்கும்.

ஓர் உதாரணம். பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் குடத்தை அரசன் கொடுத்த நாள், 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாள் என்று கல்வெட்டிலேயே இருக்கிறது. 25ஆம் ஆண்டு 1009 ஜூன் 25 முதல் ஜூலை 25க்குள் தொடங்கியிருக்கும். அதில் 275ஆம் நாள் என்றால் 1010 மார்ச் 26இலிருந்து ஏப்ரல் 25க்குள் விழும். நாள் கணக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தும் நம்மால் ஒரு மாத அகலத்துக்குள்தான் சொல்ல முடிகிறது. இதை நீங்கள் "1010" என்று ஒரு புள்ளியாகப் போட்டால் தகவலை இழக்கிறீர்கள். "1010 ஏப்ரல் 1" என்று போட்டால் இல்லாததைச் சொல்கிறீர்கள்.

விஜயாலயனுக்கு வந்தால் இன்னும் மோசம். 850 என்பது "அந்த வாக்கில்". உங்கள் திரையில் அவர் பட்டையின் இடது ஓரமும் ராஜராஜன் பட்டையின் இடது ஓரமும் ஒரே மாதிரி கூர்மையாக இருந்தால், பார்க்கிற மாணவன் இரண்டும் ஒரே அளவு உறுதி என்றுதான் நினைப்பான்.

#6 ரொறன்ரோ_பனி

பூச்சி அண்ணை சொன்னதுக்கு ஏற்கெனவே ஒரு வடிவம் இருக்கிறது, தம்பி. 2006இல் எம்ஐடியில் டேவிட் ஹுயின் செய்த சிமிலி டைம்லைன் ஞாபகம் இருக்கிறவர்கள் இங்கே யாராவது உண்டோ? கூகுள் மேப்பை இழுக்கிற மாதிரி காலத்தை இழுக்கலாம் என்று இணையத்தில் பெரிய அளவில் காட்டினது அதுதான். அதில் ஒரு நிகழ்ச்சிக்கு நாலு தேதி கொடுக்கலாம்: தொடக்கம், ஆகப் பிந்திய தொடக்கம், ஆக முந்திய முடிவு, முடிவு. உறுதியான நடுப்பகுதி அடர்த்தியாகவும் இரண்டு பக்கமும் மங்கலாகவும் வரும். இன்றைக்கு வருகிற பல லைப்ரரிகளில் இது இல்லை என்பது வெட்கக்கேடு.

சொல்லப்போனால் அதுவும் புதிதில்லை. 1765இல் ஜோசப் பிரீஸ்ட்லி அச்சடித்த வாழ்க்கை வரைபடத்திலேயே உறுதியான காலத்துக்குக் கோடு, ஐயமானதுக்குப் புள்ளி.

தரவை எழுத்தில் சேமிக்க வேண்டுமென்றால் இடிடிஎஃப் என்ற குறியீட்டு முறையைப் பாருங்கோ. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வளர்த்தது, 2019இல் ஐஎஸ்ஓ 8601 தரத்தின் இரண்டாம் பகுதிக்குள் வந்துவிட்டது. ஆண்டுக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டால் ஐயம், அலைக்குறி போட்டால் "சுமார்".

இன்னொன்று. நேர வலயத்தை மறந்து போகாதேங்கோ. நீங்கள் "1010-04-01" என்று எழுத்துச் சரமாகக் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை உலகப் பொது நேரத்து நள்ளிரவாக எடுக்கும். தஞ்சாவூரில் திறந்தால் ஏப்ரல் 1 என்றே தெரியும், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. நான் இங்கே ரொறன்ரோவில் திறந்தால் மார்ச் 31. புலம்பெயர்ந்த பிள்ளைகளும் பார்க்கிற தளமென்றால் இதைச் சோதித்துவிட்டுப் போடுங்கோ. கணினியின் நேர வலயத்தை மாற்றி வைத்துப் பக்கத்தைத் திறந்தாலே தெரிந்துவிடும்.

#7 ரெடிமேட்

ஐயா, ஊர் வரலாற்று வட்டத்துக்கு ஒரு பக்கம் கேட்டார். நீங்கள் நூலகத் தரம், நேர வலயம் எல்லாம் பேசுகிறீர்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக இருக்கிறது.

#8 சுக்குக்காபி

ரெடிமேட், கேட்டது ஒரு பக்கம் இல்லை. பாண்டியர், பல்லவர், நூற்றுக்கணக்கில் கல்வெட்டு. நீட்டிக்கொண்டே போகப்போகிற ஒன்று. அதற்கு அடித்தளம் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு.

சரி, மருந்துக்கு வருகிறேன். உள்ளே டேட் பொருளையே வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாத் தேதியையும் ஒரு முழு எண்ணாக, நாள் எண்ணாக மாற்றிவிடுங்கள். வானியல்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துகிற ஜூலியன் நாள் எண் (ஒரு பழைய தொடக்க நாளிலிருந்து விடாமல் எண்ணிவருவது) இருக்கிறதே, அது போதும். 1970 ஜனவரி 1க்கு அது 2440588. நேர வலயம், நள்ளிரவு, கோடைக்கால நேரம் எல்லாம் ஒரே வீச்சில் காணாமல் போகும்.

டேட் பொருளை உள்ளூர் நேரத்தில் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? இந்திய வலயத்துக்கு எல்லாக் காலத்திலும் ஐந்தரை மணி வித்தியாசம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிரௌசர் பயன்படுத்துகிற நேர வலயத் தரவுத்தளத்தில் 1906க்கு முன் சென்னை நேரம் 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. 1854க்கு முன் கல்கத்தா உள்ளூர் நேரம் 5 மணி 53 நிமிடம் 28 விநாடி. ராஜராஜனுக்கும் இந்தக் கல்கத்தாக் கணக்குதான்! நீங்கள் ஐந்தரை மணியைக் கழித்து நள்ளிரவு பிடித்தால் ஒவ்வொரு கோடும் 23 நிமிடம் 28 விநாடி தள்ளி நிற்கும். நூற்றாண்டு அளவில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் "இந்த நாளும் அந்த நாளும் ஒன்றா" என்று ஒப்பிடுகிற இடத்தில் பொய்யாகிவிடும். ஏன் என்று கண்டுபிடிக்கத் தலைமுடி கொட்டும்.

காலண்டர் மாற்றமும் உண்டு. வரலாற்று நூல்கள் 1582க்கு முந்திய தேதிகளை ஜூலியன் காலண்டரில் தருகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் கிரிகோரியனையே பின்னோக்கி நீட்டிக் கணக்கிடும். 985இல் இரண்டுக்கும் 5 நாள் வித்தியாசம், 1010 ஏப்ரலில் 6 நாள். நாள் எண்ணாக மாற்றுகிற ஒரே ஒரு இடத்தில் இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்ற இடத்தில் யாரும் கவலைப்பட வேண்டாம்.

ஆக, ஒரு பதிவு இப்படி இருக்கட்டும்:

தலைப்பு: செப்புக் குடம் அளித்தது
முந்திய நாள்: 1010 மார்ச் 26
பிந்திய நாள்: 1010 ஏப்ரல் 25
காட்டும் எழுத்து: ராஜராஜன் 25ஆம் யாண்டு, 275ஆம் நாள்

நடுவில் உள்ள இரண்டு நாளும் கணக்குக்கு. கடைசி வரி மனிதர்களுக்கு. இரண்டையும் கலக்காதீர்கள். காட்டும் எழுத்தைத் தேதியிலிருந்து தயாரிக்க முயன்றால் "1010 மார்ச் 26, நள்ளிரவு 12.00" என்று ஏதாவது அசிங்கம் வந்து நிற்கும்.

#9 வெண்ணாறு

பிரமாதம், புரிகிறது. அப்படியானால் திரையில் எங்கே வரைவது?

#10 சுக்குக்காபி

எல்லாமே ஒரே ஒரு சூத்திரத்தின் வழியாகப் போக வேண்டும். அதுதான் இதன் உயிர்.

புள்ளி = (நாள் − இடதுநாள்) × அகலம் ÷ (வலதுநாள் − இடதுநாள்)

இழுப்பது என்றால் இடதுநாளையும் வலதுநாளையும் ஒரே அளவு நகர்த்துவது. பெரிதாக்குவது என்றால் இரண்டையும் நெருக்குவது. விரல் எந்த நாள்மேல் இருக்கிறதோ அது அசையாமல் இருக்க வேண்டும்:

புதிய இடதுநாள் = விரல்நாள் − (விரல்நாள் − இடதுநாள்) × விகிதம்

வலதுநாளுக்கும் இதே கணக்கு. விகிதம் 1க்குக் குறைவானால் பெரிதாகும். கைக்குச் சுகமாக இருக்கிற டைம்லைனுக்கும் எரிச்சலூட்டுகிற டைம்லைனுக்கும் பாதி வித்தியாசம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. நடுவை மையமாக வைத்துப் பெரிதாக்கினால் பார்க்கிறவர் கொப்பத்தின் மேல் கை வைத்திருக்க, கொப்பம் ஓரமாக ஓடிப்போகும்.

டி3 என்ற வரைபட லைப்ரரி தெரிந்தால் அதன் ஸ்கேலும் ஸூமும் இதையே செய்யும். தெரியாவிட்டால் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும் என்றில்லை, பத்து வரி.

ஒரே ஓர் எச்சரிக்கை: பெரிதாக்குவதற்கு டிவ்வின் அகலத்தைக் கூட்டிக்கொண்டே போகிற வழியை எடுக்காதீர்கள். பிரௌசர்களுக்கு பிக்சலில் உச்சவரம்பு உண்டு. குரோமில் மூன்று கோடி சொச்சம், பயர்பாக்ஸில் அதைவிடக் குறைவு. அகலம் திரை அளவிலேயே இருக்கட்டும். கண்ணில் படுகிற காலத்துக்குள் வருவதை மட்டும் வரையுங்கள்.

#11 ரெடிமேட்

பட்டைகள் மோதுவதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. நான் சொன்ன லைப்ரரியில் அது தானாக நடக்கும் என்று நினைவூட்டுகிறேன்.

#12 ரொறன்ரோ_பனி

அது கஷ்டமான வேலையில்லை. தொடக்க வரிசையில் அடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு பட்டையையும் எந்தத் தடத்தில் (கிடை வரிசையில்) முந்தினவர் முடிந்துவிட்டாரோ அந்த முதல் தடத்தில் போடுகிறது. சோழரையே வைத்துச் செய்து பார்ப்போம்.

ராஜராஜன் 985–1014, முதல் தடம். ராஜேந்திரன் 1012இலேயே இளவரசுப் பட்டம் கட்டி உடனாட்சிக்கு வந்துவிட்டார், மோதுகிறது. இரண்டாம் தடம், 1044 வரை. ராஜாதிராஜன் 1018–1054: முதல் தடம் 1014இல் காலியாகிவிட்டது, அங்கே. இரண்டாம் ராஜேந்திரன் 1052–1064: முதல் தடத்தில் ஆள் இருக்கிறார், இரண்டாவதில் 1044க்குப் பிறகு யாருமில்லை, அங்கே. வீரராஜேந்திரன் 1063–1070: மறுபடி முதல் தடம். இரண்டு தடத்தில் முடிந்துவிட்டது. ஆள்கிறவர் இருக்கும்போதே அடுத்தவருக்கு முடிசூட்டுகிற வழக்கம் திரையில் ஏணிப்படி மாதிரி தெளிவாகத் தெரியும். மோதலை ஒரு பிழையாகப் பார்க்காமல், அதுவே சொல்ல வேண்டிய செய்தி என்று பாருங்கோ.

குலோத்துங்கன் 1070. வீரராஜேந்திரன் முடிவும் 1070. சமம் என்றால் மோதலா இல்லையா? அதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நடுவில் அதிராஜேந்திரன் கொஞ்ச நாள் வேறு இருந்தார்.

#13 கல்வெட்டுப்பூச்சி

குலோத்துங்கனுக்கு முடிவு எந்த ஆண்டு போடுகிறீர்கள்? 1120 என்றும் 1122 என்றும் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். விக்கிரம சோழன் 1118இலேயே உடனாட்சிக்கு வந்துவிட்டார்.

#14 புலிக்கொடி

1122தான் சரி. 1120 என்று எழுதுகிறவர்கள்

[மீதி நீக்கப்பட்டது. ஆண்டுச் சண்டைக்கு வரலாற்றுப் பிரிவில் தனி இழை இருக்கிறது. — நெறியாளர்]

#15 சுக்குக்காபி

சண்டை வேண்டாம், அதற்குத்தானே நாலு தேதி! ஆக முந்திய முடிவு 1120, முடிவு 1122. நடுவில் மங்கல். இருதரப்பும் திருப்தி.

பனி சொன்ன தட முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். தடத்தை ஒரே ஒரு முறை, நாள் கணக்கில் தீர்மானித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் பிக்சல் கணக்கில் மறுபடி அடுக்கினால் பட்டைகள் மேலும் கீழும் குதிக்கும். பார்க்கிறவர் தான் பின்தொடர்ந்துகொண்டிருந்த அரசனைத் தொலைத்துவிடுவார். பல ரெடிமேட் கருவிகளில் இந்தக் குதிப்பைப் பார்க்கலாம். (ரெடிமேட் மன்னிக்க, உங்களைச் சொல்லவில்லை.)

பெயர்ச்சீட்டுகள் வேறு விஷயம். அவற்றின் அகலம் பிக்சலில்தான் இருக்கிறது, ஆகவே அவற்றுக்கான மோதலை பிக்சலில்தான் பார்க்க வேண்டும். இடமில்லாத சீட்டை மறைத்துவிடுங்கள். பட்டை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

#16 வெண்ணாறு

பெயர்ச்சீட்டுதான் எனக்குத் தலைவலி. "முடிகொண்ட", "கங்கைகொண்ட", "மும்முடி" என்று அடைமொழியோடு போட்டால் ஒரு வரிக்கு மூன்று பட்டை அகலம் ஆகிறது. முதல் பன்னிரண்டு எழுத்தை மட்டும் வெட்டி மூன்று புள்ளி வைத்தேன், சில பெயர்களில் புள்ளி காணாமல் போகிறது, சிலவற்றில் கொம்பு காணாமல் போகிறது.

#17 ரொறன்ரோ_பனி

ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தை எண்ணாது, குறியீட்டை எண்ணும். "கொப்பம்" நமக்கு நாலு எழுத்து: கொ, ப், ப, ம். அதுக்கு ஏழு: க, ஒகரக் குறி, ப, புள்ளி, ப, ம, புள்ளி. மூன்றில் வெட்டினால் "கொப" என்று நிற்கும், புள்ளி போச்சு. ஒன்றில் வெட்டினால் வெறும் "க".

வெட்டியே ஆக வேண்டுமென்றால் இன்டில் செக்மென்டர் என்று பிரௌசரிலேயே இருக்கிறது, அது நாலு என்று சரியாகப் பிரிக்கும். ஆனால் வெட்டுகிற வேலையை, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸிடமே விட்டுவிடலாமே. வழிந்தால் மூன்று புள்ளி போடச் சொல்லும் பண்பு ஒன்று இருக்கிறது, அது எழுத்தைச் சிதைக்காது.

#18 சுக்குக்காபி

அதோடு அடைமொழியை வெட்டுவதைவிடக் குறும்பெயர் என்று ஒரு புலத்தைத் தரவிலேயே வைத்துக்கொள்ளலாம். தள்ளி நின்று பார்க்கையில் "ராஜேந்திரன்", கிட்டே வந்தால் முழுப்பெயர். எந்த அடைமொழி அடையாளம், எந்தது அலங்காரம் என்று கணினிக்குத் தெரியாது. கல்வெட்டுப்பூச்சிக்குத் தெரியும்.

தமிழுக்கே உரிய இரண்டு தொல்லை. ஆங்கிலத்துக்காக வைத்த வரி உயரத்தில் இகர ஈகார வளைவுகள் மேலே நறுக்குப்படும். பட்டை உயரத்தைத் தாராளமாக வையுங்கள். அப்புறம், சீட்டின் அகலத்தை அளக்கும்போது தமிழ் எழுத்துரு இன்னும் இறங்கியிருக்காது. வேறு எழுத்துருவில் அளந்துவிட்டு, பிறகு நிஜ எழுத்துரு வந்ததும் எல்லாம் மோதும். எழுத்துருக்கள் தயார் என்று பிரௌசர் சொல்லும் வரை காத்திருந்து அளக்கவும்.

#19 வெண்ணாறு

இரண்டு நாளாக உட்கார்ந்து நீங்கள் சொன்னபடி நாள் எண், நாலு தேதி, தடம் மூன்றையும் எழுதிவிட்டேன். சோழர் பகுதி கண்கொள்ளாக் காட்சியாக இருக்கிறது. இப்போது போனில் சிக்கல். டைம்லைன் மேல் விரல் வைத்தால் பக்கம் மேலும் கீழும் நகரவே மாட்டேன் என்கிறது. மடிக்கணினியில் தலைகீழ்: பக்கத்தை உருட்டிக்கொண்டு வரும்போது டைம்லைன் குறுக்கே வந்தால் பல்லவர் காலத்துக்குப் பறந்துவிடுகிறது. பட்டையைத் தொட்டால் அட்டையும் சில சமயம் திறப்பதில்லை.

#20 ரெடிமேட்

இதற்காகத்தான் சொன்னேன்.

#21 சுக்குக்காபி

ரெடிமேட் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சொந்தமாக எழுதுகிறவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

போனுக்கு: டச் ஆக்‌ஷன் என்ற சிஎஸ்எஸ் பண்புக்கு பேன் ஒய் என்று மதிப்புக் கொடுங்கள். மேல்-கீழ் இழுப்பு பிரௌசருக்கு, பக்கவாட்டு இழுப்பும் இரு விரல் விரிப்பும் உங்களுக்கு.

மடிக்கணினிக்கு: வெறும் சக்கர உருட்டலைத் தொடவே தொடாதீர்கள், அது பக்கத்துக்குச் சொந்தம். கன்ட்ரோல் விசையோடு உருட்டினால் மட்டும் பெரிதாக்கவும். இதில் ஓர் இலவச லாபம்: டிராக்பேடில் இரு விரலை விரித்தால் குரோமும் பயர்பாக்ஸும் அதைக் கன்ட்ரோல் அழுத்திய சக்கர நிகழ்வாகவே அனுப்புகின்றன. மேக் சஃபாரிக்கு மட்டும் தனி சைகை நிகழ்வு உண்டு. இந்தச் சக்கர நிகழ்வுக்குக் காது கொடுக்கும்போது பாஸிவ் (இயல்பான செயலைத் தடுக்காத வகை) இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, அந்த இயல்பான செயலைத் தடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிரௌசர் முழுப் பக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

அட்டை திறக்காததற்குக் காரணம் அநேகமாக இது: விரல் வைத்த கணத்திலேயே பாயின்டரைக் கைப்பற்றுகிறீர்கள். அதற்குப் பிறகு கிளிக் பட்டைக்குப் போய்ச் சேராது, கைப்பற்றிய வெளி டிவ்வுக்கே போகும். நாலைந்து பிக்சல் நகர்ந்த பிறகு கைப்பற்றுங்கள். அதுவரை அது தொடுதல், அதற்குமேல் இழுப்பு.

#22 வெண்ணாறு

மூன்றும் சரியாகிவிட்டன! கடைசிக் காரணம் அப்படியே. நன்றி அண்ணா.

இப்போது வட்டத்தில் ஒருவர் அத்திரம்பாக்கம் கற்கருவிகளையும் சேர்க்கச் சொல்கிறார். சுமார் 15 லட்சம் ஆண்டு. சிரிக்காதீர்கள்.

#23 சுக்குக்காபி

சிரிக்கவில்லை, நல்ல சோதனை. டேட் பொருளை வைத்திருந்தால் இங்கே கதை முடிந்திருக்கும். அது 1970க்கு இருபக்கமும் பத்துக் கோடி நாள்வரைதான் போகும், பின்னோக்கி கி.மு. 271822இல் நின்றுவிடும். உங்கள் நாள் எண் வெறும் எண், 55 கோடி நாள் பின்னால் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

சிக்கல் வரைவதில். நேர்கோட்டு அளவில் 15 லட்சம் ஆண்டைத் திரையில் போட்டால் சோழர் மொத்தமும் ஒரு பிக்சல்கூடத் தேறாது. ஆனால் எல்லாம் ஒரே சூத்திரம் வழியாகப் போகிறது அல்லவா, அந்தச் சூத்திரத்தை மட்டும் மாற்றுங்கள். துண்டு துண்டான அளவு: கி.மு. 600க்கு முன்னால் உள்ளதெல்லாம் இடப்பக்கம் ஒரு சிறு பகுதியில், பிந்தியது மீதியில். சிமிலியில் ஹாட் ஸோன் என்று இதே உத்தி இருந்தது. இரண்டு துண்டும் சேருமிடத்தில் ஒரு வெட்டுக்குறி கட்டாயம் போடவும், இல்லாவிட்டால் அத்திரம்பாக்கமும் ஆதிச்சநல்லூரும் அடுத்தடுத்த வீடு போலத் தெரியும்.

கி.மு. போனதும் கவனம்: ஜாவாஸ்கிரிப்டுக்கு 0ஆம் ஆண்டு உண்டு, அது கி.மு. 1. நூறு நூறாகக் கோடு போட்டால் −100 என்பது கி.மு. 101 என்று சீட்டில் வரும். கோடுகளை வரலாற்று ஆண்டில் கணக்கிட்டுப் பிறகு நாள் எண்ணாக மாற்றவும்.

#24 ரொறன்ரோ_பனி

நீட்டிப்பு என்று கேட்டபடியால் ஒன்று. பாண்டியர் வரிசை, கல்வெட்டு, வரைபடத் துண்டு என்று ஒவ்வொன்றுக்கும் மைய நிரலைத் திறந்து திருத்தாதேங்கோ. மையம் மூன்று விஷயம் மட்டும் கொடுக்கட்டும்: அந்தச் சூத்திரம், இப்போது கண்ணில் படுகிற இடது வலது நாள்கள், அவை மாறினால் ஒரு அறிவிப்பு. கல்வெட்டுப் புள்ளிகள் ஒரு அடுக்கு, பேரரசுப் பின்னணி ஒரு அடுக்கு, கீழே முழுக் காலத்தையும் காட்டும் சிறு பட்டை ஒரு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் "இந்தச் சூத்திரத்தால், இந்த நாள்களுக்கு வரை" என்ற ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும். ஒரு அடுக்கு இன்னொரு அடுக்கைத் தொடக்கூடாது. சில நூறு கல்வெட்டுக்கு எஸ்விஜியே (கோட்டு உருவங்களாக வரைவது) காணும், கேன்வாஸுக்கு (பிக்சலாக வரைவது) ஓடத் தேவையில்லை.

#25 ரெடிமேட்

சரி, ஒத்துக்கொள்கிறேன், இந்தத் தரவுக்கு விஸ் சரிப்படாது. ஆனால் இதைப் படித்துவிட்டு திருமண அட்டவணைக்கும் சொந்தமாக எழுத ஆரம்பிக்காதீர்கள் யாரும்.

#26 ஒன்பதாம்_வகுப்பு_பி

வரலாற்று ஆசிரியை. இதை வகுப்பில் பயன்படுத்த ஆசை. இரண்டு கேள்வி. எங்கள் மாணவர் ஒருவருக்குப் பார்வை இல்லை, திரைவாசிப்பான்தான். இன்னொன்று, புரொஜெக்டர் எல்லா நாளும் வேலை செய்யாது. அச்செடுத்துக் கொடுக்க முடியுமா?

#27 சுக்குக்காபி

டீச்சர், இரண்டுக்கும் ஒரே விடை. வெண்ணாறு, உங்கள் தரவு முதலில் பக்கத்தில் ஒரு சாதாரண வரிசைப் பட்டியலாக இருக்கட்டும், எச்டிஎம்எல்லில் எண்ணிட்ட பட்டியல். அரசர் பெயர், ஆண்டு, ஒரு வரி விளக்கம். ஜாவாஸ்கிரிப்ட் அந்தப் பட்டியலை வாசித்துத்தான் டைம்லைனை வரைய வேண்டும். வரைந்த படம் திரைவாசிப்பானுக்கு மறைந்திருக்கட்டும், பட்டியல் அதற்குத் தெரியட்டும். படத்தை மறைத்தால் அதில் விசைப்பலகைக் குவியம் போகும்படி எதையும் விட்டுவைக்காதீர்கள். படத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டு விசைப்பலகை மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு, பட்டியலில் ஓர் அரசர்மேல் குவியம் வந்ததும் படம் அவரிடம் நகரட்டும். இயக்கம் குறைவாக வேண்டும் என்று கணினியில் அமைத்திருப்பவர்களுக்கு அந்த நகர்வு வழுக்காமல் நேரே போய் நிற்கட்டும்.

டைம் என்ற குறியில் தேதி போட நினைத்தால், எச்டிஎம்எல் தரப்படி அதில் ஆண்டு 0ஐவிடப் பெரிதாக, குறைந்தது நாலு இலக்கமாக இருக்க வேண்டும். ராஜராஜனை 0985 என்று எழுதலாம். கி.மு. ஆண்டுகளுக்கு அந்தக் குறியையே விட்டுவிடுங்கள்.

#28 ஒன்பதாம்_வகுப்பு_பி

அப்போது அச்சில் பட்டியல் மட்டும்தான் வருமா? படம் வராதா? பிள்ளைகளுக்கு அந்த ஏணிப்படிதான் பிடிக்கும்.

#29 வெண்ணாறு

எஸ்விஜி என்பதால் வரும், டீச்சர். அச்சுக்கான சிஎஸ்எஸ்ஸில் தாளைக் கிடைமட்டமாக்கி, அச்செடுக்கும் முன் வரும் நிகழ்வில் இடதுநாளை 850க்கும் வலதுநாளை 1279க்கும் வைத்து ஒரு முறை வரையவிட்டேன். கீழே பட்டியல். மங்கல் ஓரம் மட்டும் கறுப்பு வெள்ளைப் பிரின்டரில் அழுக்கு மாதிரி விழுகிறது. அதை அச்சுக்கு மட்டும் புள்ளிக் கோடாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். நாளை மாலைக்குள் இணைப்பு போடுகிறேன், உங்கள் பிரின்டரில் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.